விளையாட மறுத்ததால் எதுவாவது மாறியிருக்கிறதா?

கேள்வி இதுதான்: மனித உரிமைகளை மிதிக்கும் அரசுகளைக் கண்டித்து சர்வதேசப் போட்டிகளைப் புறக்கணிக்கிறார்களே, அதனால் இதுவரை எதுவாவது மாறியிருக்கிறதா? கடைசியில் நஷ்டப்படுவது வருடக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்த வீரர்கள்தானே?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆமாம், வீரர்கள் நஷ்டப்படுகிறார்கள், அது சின்ன நஷ்டமும் இல்லை. 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப்போட்டிக்கு வந்தது. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் பூனாவில் சோவியத் ஒன்றியத்தையும் வீழ்த்தி வந்த அணி அது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் அவர் அண்ணன் ஆனந்த் அமிர்தராஜும்தான் அந்த அணியின் முதுகெலும்பு. விஜய்க்கு அப்போது இருபது வயது. இறுதிப்போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது, ஒரு பந்து கூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இன்றைக்கும் வெற்றியாளர் பட்டியலில் 1974-க்கு நேரே அந்த நாட்டின் பெயர்தான் இருக்கிறது. இந்தியா அதற்கு முன்னால் 1966-இலும் பின்னால் 1987-இலும் இறுதிக்கு வந்து தோற்றது, இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. என் அப்பாவுக்கு டென்னிஸ் என்றால் உயிர். கையில் இருந்த கோப்பையை விட்டுவிட்டார்கள் என்று பல வருடம் புலம்பிக்கொண்டிருந்தார். அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் நான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கவே ஆரம்பித்தேன்.

இரண்டு வருடம் கழித்து மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நடந்தது இன்னும் வலிக்கும். நியூசிலாந்தின் ரக்பி அணி அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் சோவெட்டோவில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டுக் கொன்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் அனுமதிக்கக் கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன, ரக்பி ஒலிம்பிக் விளையாட்டே இல்லை என்று சொல்லி ஒலிம்பிக் கமிட்டி கைகழுவியது, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போட்டியை விட்டு விலகின. 1500 மீட்டரில் உலக சாதனையை வைத்திருந்த தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி ஓடவில்லை, அந்தத் தங்கத்தை நியூசிலாந்தின் ஜான் வாக்கர் வாங்கினார். எத்தியோப்பியாவின் மிருட்ஸ் யிஃப்டர் நாலு வருடம் காத்திருந்து மாஸ்கோவில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார், அவருக்காவது இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. கென்யாவின் மைக் பாய்ட்டுக்கு 1976-உம் போனது, கென்யா மாஸ்கோவையும் புறக்கணித்ததால் 1980-உம் போனது. ஓட்டக்காரனின் காலில் நல்ல வேகம் இருப்பதே ஏழெட்டு வருடம், அதில் இரண்டு ஒலிம்பிக் போய்விட்டால் என்ன மிச்சம்?

ஆகவே புறக்கணியுங்கள் என்று சுலபமாகச் சொல்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அது யாரோ ஒருவரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற பணம். எதற்குச் செலவழிக்கிறோம், யார் கேட்டுச் செலவழிக்கிறோம் என்று தெரியவேண்டும். அதற்கு தென்னாப்பிரிக்காவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் புறக்கணிப்பு என்ற ஆயுதம் நிஜமாகவே வேலை செய்த தெளிவான உதாரணம் அதுதான்.

அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து விளையாடக் கூடாது என்று நேரடியாக ஒரு விளையாட்டுச் சட்டம் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யார் எந்தப் பகுதியில் வசிக்கலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம், எந்தக் கட்டடத்துக்குள் நுழையலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்ததால் மைதானமும் கிளப்பும் டிரெஸ்ஸிங் ரூமும் அவற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டன. 1956-இல் உள்துறை அமைச்சர் டோங்கஸ் வெளிப்படையாகவே அறிவித்தார்: வெள்ளையர் தனியாக, மற்றவர்கள் தனியாக, கலந்து ஆடக் கூடாது. நாட்டின் பெயரில் வெளிநாடு போகும் அணி என்றால் அது வெள்ளையர் அணி மட்டும்தான்.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு டர்பனில் வாழ்ந்த ஒருவரின் கதை போதும். பாப்வா சேவ்கோலம், இந்திய வம்சாவளி, கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து ஆட்டத்தைக் கற்றவர். பள்ளிப் படிப்பு கிடையாது. மட்டையைப் பிடிப்பதே எல்லோருக்கும் தலைகீழாக, கைகளை மாற்றிப் பிடிப்பார். அப்படி ஆடியே ஹாலந்து போய் டச்சு ஓபனை மூன்று முறை வென்றார். 1963-இல் டர்பனில் நேட்டால் ஓபனையும் வென்றார். பரிசளிப்பின்போது மழை. வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள், அவர் உள்ளே வரக் கூடாது, அதனால் ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. இரண்டு வருடம் கழித்து அதே போட்டியில் அந்த நாட்டின் பெரிய வெள்ளை கோல்ஃப் வீரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார், அதற்கப்புறம் அரசு அவருக்கு ஆட அனுமதி மறுத்தது, பாஸ்போர்ட்டும் போனது, அவர் ஆட்டம் அத்தோடு முடிந்தது. புறக்கணிப்பால் வீரர்களின் வாழ்க்கை பாழாகிறது என்று சொல்லும்போது பாப்வாவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு அணிகள் அங்கே போய் ஆடிய ஒவ்வொரு போட்டியும், அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்த போட்டிதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்களோடு விளையாடாதீர்கள் என்ற குரல் லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறக்கவில்லை, உள்ளேயிருந்துதான் வந்தது. டென்னிஸ் புரூட்டஸ் என்ற பள்ளி ஆசிரியர், கவிஞரும்கூட, 1950-களின் கடைசியில் இன பேதமில்லாத விளையாட்டுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்து 1960-களின் தொடக்கத்தில் சான்ராக் என்ற ஒலிம்பிக் அமைப்பு. கோரிக்கை எளிமையானது: நாட்டின் பெயரில் போகிற அணியில் நாட்டு மக்கள் எல்லோருக்கும் இடம் வேண்டும், இல்லையென்றால் அந்த அணியை யாரும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இதற்காக அரசு அவரைக் கூட்டங்களில் கலந்துகொள்ளத் தடை செய்தது, மீறியதற்குக் கைது செய்தது, தப்பி ஓட முயன்றபோது ஜோகன்னஸ்பர்க் தெருவில் முதுகில் சுட்டது. முதலில் வந்த ஆம்புலன்ஸ் வெள்ளையருக்கானது என்பதால் அவரை ஏற்றாமல் போனது. பிழைத்து எழுந்தவர் ராபன் தீவுச் சிறையில் கல் உடைத்தார். அவர் சிறையில் இருந்தபோதே, 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தென்னாப்பிரிக்காவின் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1970-இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நாடு வெளியேற்றப்பட்டது.

பின்னாளில் சான்ராக்கை லண்டனிலிருந்து நடத்தியவர் டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி. 1860-இல் மெட்ராஸிலிருந்து முதல் கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தொடங்கி, நேட்டாலில் வேர்விட்ட நம் ஊர்ப் பெயர்கள் இந்தப் போராட்டம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். உள்நாட்டில் 1973-இல் உருவான சாக்கோஸ் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பின் கோஷம் இப்படிப் போகும்: இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது. பேருக்கு ஒரு கறுப்பரை அணியில் சேர்த்துக் கணக்குக் காட்டுவதை அவர்கள் ஏற்கவில்லை. மாலையில் மட்டையைப் பிடித்து ஒன்றாக ஆடிவிட்டு, இரவில் தனித்தனிச் சேரிக்கும் பங்களாவுக்கும் போவதற்குப் பெயர் விளையாட்டா என்று கேட்டார்கள். தங்கள் சொந்த ஆட்ட வாழ்க்கையை அடகு வைத்துவிட்டுத்தான் இதைக் கேட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, ஏன் விளையாட்டு? வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்கு, குறிப்பாக டச்சு வழிவந்த ஆஃப்ரிக்கானர்களுக்கு, ரக்பி என்பது கிட்டத்தட்ட மதம். கிரிக்கெட்டோ தாங்களும் நாகரிக உலகத்தின் ஒரு பகுதி என்பதற்கான சான்றிதழ். ஐ.நா. சபையில் ஆயிரம் தீர்மானம் போட்டாலும் ஜோகன்னஸ்பர்க் புறநகரில் பார்பிக்யூ போட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை மேட்ச் இல்லை என்றால் தெரியும்.

1968-இல் பேசில் டி ஒலிவேரா விவகாரம் இதை எல்லோருக்கும் காட்டியது. கேப் டவுனில் கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டுச் சொந்த நாட்டு அணியில் நுழைய முடியாமல் இங்கிலாந்து போனவர், அங்கே டெஸ்ட் வீரரானார். அந்த ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் அடித்தார். அடுத்து தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணம், அணியில் அவர் பெயர் இல்லை. இங்கிலாந்தில் பெரிய கூச்சல் எழுந்தது, பிறகு டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, அவர் இடத்தில் டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அது கிரிக்கெட் அணி இல்லை, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று சொல்லி வரவேண்டாம் என்றார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்ற வாதம் அந்த இடத்தில் செத்துப்போனது என்று நான் நினைக்கிறேன். கலந்தது யார் என்று பிரதமரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வேகமாக நடந்தது. 1970-இல் இங்கிலாந்தில் மாணவர்கள், பீட்டர் ஹெய்ன் என்ற இளைஞர் முன்னின்று, தென்னாப்பிரிக்க அணியின் ரக்பி ஆட்டங்களின் போது மைதானத்துக்குள் இறங்கி மறித்தார்கள், அந்தக் கோடையில் அவர்களோடு நடக்கவிருந்த கிரிக்கெட் தொடர் ரத்தானது. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில், டான் பிராட்மன் தலைமையில் இருந்த வாரியம் தென்னாப்பிரிக்க அணியின் வருகையை ரத்து செய்தது. இதில் எனக்குப் பிடித்த காட்சி 1971 ஏப்ரலில் கேப் டவுன் நியூலாண்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. பேரி ரிச்சர்ட்ஸுக்கு மைக் புராக்டர் ஒரு பந்து வீசினார், அந்த ஒரு பந்தோடு வெள்ளை வீரர்கள் எல்லோரும் மைதானத்தை விட்டு வெளியேறி, திறமையை மட்டும் வைத்து அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். தனிமைப்படுத்தப்படும் பயம் வரும்வரை இப்படி ஒரு வெளிநடப்பு நடந்ததில்லை. பேரி ரிச்சர்ட்ஸ் மொத்தமே 4 டெஸ்ட் ஆடியவர், சராசரி 72-க்கு மேல். புராக்டர் 7 டெஸ்டில் 41 விக்கெட். கிரீம் பொல்லாக் 23 டெஸ்டோடு நின்றுபோனார். அந்த அணி 1970-இல் ஆஸ்திரேலியாவை 4-0 என்று அடித்த அணி, அதன் பிறகு 22 வருடம் டெஸ்டே இல்லை. அவர்களுக்காகவும் நான் வருந்துகிறேன், ஆனால் பாப்வாவுக்காக வருந்திவிட்டுத்தான்.

இந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்பப் பார்த்தார்கள். 1980-களில் பெரும் தொகை கொடுத்து வெளிநாட்டு வீரர்களை ரகசியமாக அழைத்து வந்தார்கள். இலங்கை தன் முதல் டெஸ்டை 1982 பிப்ரவரியில் ஆடியது. அதே வருடத்தில், அந்த முதல் டெஸ்டின் கேப்டன் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் அணி தென்னாப்பிரிக்கா போனது. போனவர்களுக்கு 25 வருடத் தடை விதித்தார்கள், பின்னால் அது தளர்த்தப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து போனவர்களுக்கு ஆயுள் தடை. நிறவெறி நாட்டில் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற அந்தஸ்தில் நடமாடிவிட்டுத் திரும்பியவர்களை ஊர் ஏற்கவில்லை, சிலர் வறுமையில் உடைந்தே போனார்கள். அதே பணத்தை விவ் ரிச்சர்ட்ஸ் வேண்டாம் என்றார். இங்கிலாந்து வாரியம் தன் ஆட்களுக்குக் கொடுத்தது 3 வருடத் தடை. ஏழை நாட்டு வீரனுக்கு ஆயுள், பணக்கார நாட்டு வீரனுக்கு 3 வருடம் என்ற அந்த வித்தியாசம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

1981-இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்துக்குப் போனபோது அந்த நாடு இரண்டாகவே பிளந்தது. 56 நாள் சுற்றுப்பயணம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள், ஒரே குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஜூலை 25 அன்று ஹாமில்டனில் போராட்டக்காரர்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய்க் கைகோத்து நின்றார்கள், ஆட்டம் ரத்தானது. அந்த மேட்ச் தென்னாப்பிரிக்காவில் டிவியில் நேரடி ஒளிபரப்பு. விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் பார்த்தது ரக்பியை இல்லை, தங்களை வேண்டாம் என்று சொல்லும் வெள்ளை முகங்களை. கடைசி டெஸ்டில் ஒரு சிறிய விமானம் ஈடன் பார்க் மைதானத்தின் மேல் தாழப் பறந்து பறந்து மாவுப் பொட்டலங்களைப் போட்டது. ஹாமில்டன் ஆட்டம் நின்ற செய்தி சிறைக்குள் எட்டியபோது சூரியன் வெளியே வந்தது போல இருந்தது என்று மண்டேலா பின்னாளில் சொன்னதாக நியூசிலாந்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இதையெல்லாம் வைத்து, விளையாட்டுப் புறக்கணிப்புதான் நிறவெறியை வீழ்த்தியது என்று நான் சொல்ல மாட்டேன். 1980-களின் நடுவில் கறுப்பர் குடியிருப்புகளில் வெடித்த எழுச்சி, வெளிநாட்டு வங்கிகள் 1985-இல் கடனைப் புதுப்பிக்க மறுத்தது, பொருளாதாரத் தடைகள், பனிப்போர் முடிந்தது, இவையெல்லாம் பெரிய காரணங்கள். விளையாட்டு செய்தது வேறு வேலை: சாதாரண வெள்ளை வாக்காளரிடம், உங்கள் வாழ்க்கை முறைக்கு ஒரு விலை உண்டு என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று 1992 மார்ச்சில் தெரிந்தது. நிறவெறிக்கு முடிவு கட்டும் பேச்சுவார்த்தையைத் தொடரலாமா என்று வெள்ளையரிடம் மட்டும் வாக்கெடுப்பு. அதே சமயம் அவர்கள் அணி ஆஸ்திரேலியாவில் தன் முதல் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஆடிக்கொண்டிருந்தது. ‘வேண்டாம்’ ஜெயித்தால் மறுபடி பழைய தனிமைதான் என்று எல்லோருக்கும் தெரியும், ‘ஆம்’ பிரசாரம் கிரிக்கெட்டை வைத்தே வாக்குக் கேட்டது. 68.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். சில நாள் கழித்து சிட்னி அரையிறுதியில் மழையால் ஒரு பந்தில் 22 ரன் எடுக்க வேண்டும் என்று வந்ததைத்தான் நம் ஆட்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த உலகக் கோப்பையின் பெரிய ஸ்கோர் அந்த 68.7-தான்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. பூட்டைப் போட்டவர்கள் கையிலேயே சாவியும் இருந்தது. 1990-இல் மைக் கேட்டிங் தலைமையில் இங்கிலாந்து வீரர்கள் பணத்துக்காக வந்தபோது கறுப்பின மக்கள் அவர்கள் போன ஊரெல்லாம் திரண்டு எதிர்த்தார்கள், பயணம் பாதியிலேயே முடிந்தது. 1991 நவம்பரில் தடை நீங்கி அணி முதலில் வந்து இறங்கியது கல்கத்தா ஈடன் கார்டன்ஸில். 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்ட நாட்டில், மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் சம்மதித்த பிறகு. 1992 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ரக்பி டெஸ்ட் நடந்தபோது, அந்தக் காங்கிரஸ் போட்ட நிபந்தனையை மீறி, மௌன அஞ்சலி நேரத்தில் கூட்டம் பழைய தேசிய கீதத்தைப் பாடியது. ஆதரவை விலக்கிக்கொள்ள நேரிடும் என்று அந்தக் கட்சி உடனே எச்சரித்தது. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டார்கள், என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள், எப்போது போதும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

இதை வைத்து மற்றவற்றைப் பாருங்கள். 1980 மாஸ்கோ. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்க அதிபர் கார்ட்டர் புறக்கணிப்பை அறிவித்தார், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. முடிவு வெள்ளை மாளிகையில் எடுத்தது. மீறிப் போக நினைத்த அமெரிக்க வீரர்களின் பாஸ்போர்ட்டைப் பறிப்போம் என்ற மிரட்டலும் வந்தது, நீதிமன்றம் போன வீரர்கள் தோற்றார்கள். படை கடைசியாக வெளியேறியது 1989 பிப்ரவரியில், அதற்கு ஒலிம்பிக் காரணமே இல்லை. நாலு வருடம் கழித்து சோவியத் அணியினர் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகாமல் பழி தீர்த்துக்கொண்டார்கள். மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நம் ஹாக்கி அணி வென்ற தங்கம்தான் இந்திய ஆண்கள் ஹாக்கியின் கடைசி ஒலிம்பிக் தங்கம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, ஆனால் பெரிய அணிகள் பல அங்கே இல்லை என்பது பாஸ்கரனுக்கே தெரிந்த உண்மை. இரண்டு வல்லரசுகளின் சண்டையில் இரண்டு தலைமுறை வீரர்களைச் செலவழித்தார்கள், பதிலுக்கு யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

கத்தார் 2022 கால்பந்து உலகக் கோப்பை வந்தபோது ஐரோப்பாவில் நிறையப் பேர் புறக்கணிப்புப் பேசினார்கள். நம் ஊரிலிருந்து, நேபாளத்திலிருந்து, வங்கதேசத்திலிருந்து போய் அந்த வெயிலில் மைதானங்களைக் கட்டியவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? பிடித்து வைத்த சம்பளம், முதலாளி அனுமதி இல்லாமல் வேலை மாறும் உரிமை, செத்துப்போனவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு. அம்னெஸ்டி போன்ற மனித உரிமை அமைப்புகள் புறக்கணிப்பைக் கேட்கவில்லை, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா குறைந்தது 44 கோடி டாலரை ஒதுக்கித் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டன. நார்வே கால்பந்துச் சங்கம் 2021-இல் கூட்டம் போட்டு விவாதித்துப் புறக்கணிக்க வேண்டாம் என்றே வாக்களித்தது. ஃபிஃபா அந்தப் பணத்தைத் தரவில்லை என்பதுதான் என் கோபம். மேட்ச் நடந்ததா இல்லையா என்பதைவிட அந்தக் கணக்கு பாக்கி இருப்பது பெரிது.

நம் வீட்டுக் கதையையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2012-இல் சென்னைக்கு வந்து ஆடிய கொழும்புப் பள்ளிக்கூடக் கால்பந்து அணியைத் தமிழக அரசு திருப்பி அனுப்பியது. 2013 ஆரம்பத்தில், இலங்கைப் போரில் கொல்லப்பட்ட பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்து மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த அந்த நாட்களை ஒட்டி, ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த மாட்டோம் என்று ஜெயலலிதா அறிவித்தார், அது பூனாவுக்குப் போனது. ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்றும் முடிவானது. அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் அது இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பையன்களைத் திருப்பி அனுப்பியது தவறு என்று அப்போதே சொன்னேன். ஐபிஎல் தடையில் முத்தையா முரளிதரனும் அடங்கினார், சென்னை அணிக்கே மூன்று சீசன் ஆடிய மலையகத் தமிழர். அவர் அரசியலை நான் ஏற்கவில்லை, அது வேறு பேச்சு, ஆனால் தமிழருக்கான தடை ஒரு தமிழர் மேலும் விழுந்தது என்பதே அது எவ்வளவு யோசிக்காமல் போடப்பட்டது என்று காட்டுகிறது. முக்கியமாக, இலங்கை அணியாக ஒரு போட்டியைக்கூட இழக்கவில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் கேட்ட எதையும் அந்தத் தடையோடு முடிச்சுப் போடவில்லை. கொழும்பு இன்னது செய்தால் தடை நீங்கும் என்று யாரும் சொல்லவில்லை. டென்னிஸ் புரூட்டஸ் இருபது வருடம் செய்த வேலையை நாம் ஓர் அறிக்கையில் முடித்துவிடப் பார்த்தோம்.

எல்லாவற்றுக்கும் புறக்கணிப்புதான் வழி என்றும் இல்லை. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில், ஹராரேயில் நடந்த ஆட்டத்தில், ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டதற்குத் துக்கம் என்று கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஒலாங்கா நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. இங்கிலாந்து அணி, சென்னையில் பிறந்த நாசர் உசேன் அதன் கேப்டன், பாதுகாப்புக் காரணம் சொல்லி ஹராரேயில் ஆடவில்லை, புள்ளிகளை இழந்தது. இரண்டில் உலகம் நினைவில் வைத்திருப்பது விளையாடியவர்களின் கைப்பட்டையைத்தான்.

இன்றைக்கு உங்கள் கேள்வி நேராகப் போய் நிற்கும் இடம் ஆப்கானிஸ்தான். 2020 நவம்பரில் அங்கே கிரிக்கெட் வாரியம் 25 பெண் வீராங்கனைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது, அடுத்த ஆகஸ்டில் தாலிபான் வந்தது, அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பினார்கள். ஆண்கள் அணி மட்டும் ஐசிசியின் முழு உறுப்பினராகத் தொடர்கிறது. ஆஸ்திரேலியா இருதரப்புத் தொடர்களை ரத்து செய்தது, 2021-இல் ஹோபார்ட் டெஸ்ட், 2023-இல் ஒருநாள் தொடர், 2024-இல் டி20 தொடர். ஆனால் உலகக் கோப்பைகளில் அதே அணியோடு ஆடியது, மேக்ஸ்வெல் மும்பையில் 201 அடித்தது அவர்களுக்கு எதிராகத்தான். கொள்கை என்றால் புள்ளிகள் போகும்போதும் இருக்க வேண்டும். 1974-இல் இந்தியா விட்டது ஓர் இறுதிப்போட்டியை. ஆண்கள் அணியை விலக்கலாமா என்பதில் எனக்கே இன்னும் முழுத் தெளிவு இல்லை. ரஷீத் கான் 2024 டிசம்பரில் பெண்களுக்கு நர்ஸிங், மருத்துவச்சிப் படிப்பைத் தடை செய்ததை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார், அந்தக் குரலையும் அடைத்துவிட்டால் யாருக்கு லாபம் என்று தோன்றும். இன்னொரு பக்கம், பாதி மக்களை மைதானத்தை விட்டே துரத்திய நாட்டின் அணி என்று பார்த்தால் 1956-இல் டோங்கஸ் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றும் தோன்றும்.

ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது என்ன என்பதில் குழப்பம் இல்லை. 2024-இல் ஐசிசிக்குக் கடிதம் எழுதி, ஆஸ்திரேலியாவில் தங்களை அகதிகள் அணியாக அங்கீகரிக்கும்படி கேட்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னில் முதல்முறையாக ஒன்றாகச் சேர்ந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். அந்த ஏப்ரலில் ஐசிசி, இந்திய வாரியத்தையும் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு உதவ ஒரு குழுவும் நிதியும் அறிவித்தது. உதவி சரி. அவர்கள் கடிதத்தில் எழுதியது அணி என்ற சொல்லை. நம் வாரியத்தின் பணம் இல்லாமல் ஐசிசியில் ஒன்றும் நடக்காது என்பது ஊரறிந்தது, அதனால் யாரைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.